உப்பும் கரியும் ஒரு செம்புத் தகடும்

டேனி,

நீயும் ஷீபாவும் ஜெனியை அழைத்துக்கொண்டு முழுநாள் உபவாச ஜெபத்துக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வரும்போது நான் சிதம்பரத்தில் உன் எஸ்தர் அத்தை வீட்டில் இருப்பேன். நேரில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் நேரில் பேசினால் என்ன ஆகும் என்று நம் இருவருக்குமே தெரியும். முதல் வாக்கியம் சரியாக வரும். நீ முகத்தைச் சுளித்தால் இரண்டாவது வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய காலத்திலும் கரும்பலகையைப் பார்த்துப் பேசும்போதுதான் எனக்குக் குரல் இருந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினால் பாதி போய்விடும். அதனால் எழுதுகிறேன். இதை மறைத்து வைக்க வேண்டாம். ஷீபா படிக்கட்டும். உன் பாஸ்டருக்கும் காட்டு. ஜெப வீட்டில் சத்தமாக வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான்தான் அங்கே இருக்கப்போவதில்லையே.

என் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விழுந்து கிடக்கிறாள். எழுந்து நடக்கும்வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று உன்னைக் கேட்டேன். "அவுங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுப்பா. ஷீபா இப்ப இருக்கற நிலமையில ரிஸ்க் எடுக்க முடியாது" என்றாய். ஷீபாவுக்கு ஏழாம் மாதம். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து என் தங்கையிடமிருந்து வரும் என்று நீ முழுமனதாக நம்புகிறாய். நீ பொய் சொல்கிறவன் இல்லை. பொய் சொல்கிறவனாக இருந்திருந்தால் உன்னோடு சண்டை போடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே என் மேல் நம்பிக்கை வராது.

ஜெனிக்குப் பிறகு ஷீபாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. முதல் தடவை டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது தடவை, "சில சமயம் காரணம் தெரியாதுங்க" என்றார். உன்னை உடைத்தது பிள்ளை போனதைவிட அந்த வார்த்தைதான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "காரணம் தெரியாதுன்னா எதுக்குப்பா டாக்டருக்குப் படிச்சாரு?" என்று கேட்டாய்.  அறிவியல் படித்தவனுக்கு 'தெரியாது' என்பது ஒரு நேர்மையான பதில். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு அது பதிலே இல்லை. உன் ஆபீஸ் நண்பர் உன்னை ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பாஸ்டர் உனக்குக் காரணம் கொடுத்தார். உன் வீட்டில் செய்வினை இருக்கிறது என்றார். நம் பழைய கோயிலில் ஆராதனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆயர் நிதானமாகச் செய்த ஜெபத்தில் கிடைக்காத ஆறுதல் அந்த ஒரு வார்த்தையில் உனக்குக் கிடைத்தது. துக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்தால் போய்க் கதவைத் தட்டலாம் அல்லவா?

பாஸ்டர் வந்த அன்று கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினார். கூட வந்தவர்கள் கைகளை உயர்த்தி அந்நிய பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாய்வு நாற்காலியில் உட்காருவதா எழுந்து நிற்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "இந்த ஊட்ல ஒரு மூல எனக்குத் தெரியுது. தண்ணி சம்பந்தப்பட்ட மூல."

ஷீபா விசும்பினாள். "முருங்க மரத்துக்கிட்டங்க ஐயா. பெரியத்த எப்ப வந்தாலும் அங்கதான் தண்ணி ஊத்துவாங்க. ஏதோ முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே ஊத்துவாங்க."

"சொந்தமா?"

"மாமாவோட தங்கச்சி. கல்யாணம் பண்ணிக்கல. புள்ள குட்டி இல்ல."

பாஸ்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் தோண்டுவது மட்டும்தான்.

கடப்பாரையை நீதான் எடுத்தாய். முதலில் மண்ணில் செருகியிருந்த பழைய குழாய் வந்தது. பிறகு கரி வந்தது. "சுடுகாட்டுக் கரி" என்று ஒரு அம்மாள் கத்தினாள். கரியைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒருவர் அதைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்புய்யா" என்றார். கடைசியில் பச்சைக் களிம்பு பூத்த செம்புத் தகடு. அதில் ஒரு கம்பி முறுக்கியிருந்தது. கம்பி சுவர் ஓரமாக வீட்டுக்குள் போயிற்று.

"பாத்தீங்களா, கம்பி எங்க போவுது பாத்தீங்களா? ஊட்டையே கட்டிப் போட்டிருக்கு" என்றார் பாஸ்டர். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

நான் பேசினேன், டேனி. நான் வாயே திறக்கவில்லை என்று நீ பிற்பாடு மற்றவர்களிடம் சொன்னது தவறு. இது செய்வினை இல்லை, எர்த் தகடு, வீடு கட்டியபோது எலக்ட்ரீஷியன் வைத்தது என்று சொன்னேன். மிஷின்களில் கசிகிற மின்சாரம் மனிதர்கள் உடம்பில் ஏறாமல் மண்ணுக்குப் போவதற்காகச் செம்புத் தகட்டைப் புதைப்பார்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கக் கரியும் உப்பும் போடுவார்கள், காய்ந்துவிடாமல் குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று சொன்னேன். செய்வினைத் தகடு உள்ளங்கை அளவு இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இது சோற்றுத் தட்டைவிடப் பெரியதாக இருக்கிறதே என்றும் கேட்டேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லியிருப்பேன். அது என் குறைதான். மின்னழுத்தம் என்ற சொல்லைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"கட்டு பெரிசு, அதான் தகடும் பெரிசு" என்றார் பாஸ்டர். பிறகு சிரித்துக்கொண்டே, "எந்த ஊட்லங்க ஐயா கரன்ட்டுக்கு உப்பு போடறாங்க? கொழம்புக்குத்தான் போடுவாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். அழுத முகத்தோடு சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது.

அடுத்து அவர் கேட்டதுதான் கேள்வி. "சரி, எலக்ட்ரீஷியனே வச்சதா இருக்கட்டும். இந்த உப்ப இதுல கொட்டுனது யாரு?"

உண்மையைக் கேட்டால் உண்மையைச் சொல்லிப் பழகியவன் நான். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாது. "என் தங்கச்சி எஸ்தர்தான்" என்றேன்.

வீடு கட்டியபோது நீ சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். அப்போது உயிரோடிருந்த உன் அம்மாவுக்கு முட்டிவலி. எஸ்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுப்பாள். எர்த் குழி தோண்டிய அன்று பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த பஷீர் பாய் கல்லுப்பு மூட்டையைக் கேட்டார். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மூட்டையைத் தூக்கிவந்தாள். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று அவர் சொல்லச் சொல்லக் கொட்டினாள். "அண்ணே, கருவாடு போடற மாதிரியே இருக்குண்ணே" என்று சிரித்தாள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பாய் சொன்னார். நான் மறந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எப்போது வந்தாலும் பையை வைத்ததும் முதல் வேலையாகக் குடத்தை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போவாள். முணுமுணுத்தது கீர்த்தனை. அவளுக்குக் குரல் இல்லை, ராகமும் நிற்காது. அதனால் வாய்க்குள்ளேயே பாடுவாள். ஷீபா ஒரு நாளாவது, "என்ன பாட்டு பெரியத்த?" என்று கேட்டிருக்கலாம்.

பாஸ்டர் கட்டிங் பிளேயர் கேட்டு வாங்கி, இயேசுவின் நாமத்தில் கம்பியை வெட்டினார். தகட்டைத் தேவனாம்பட்டினத்துக் கடலில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். நீ அத்தைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தாய். எல்லோரும் கேட்க வேண்டும் என்று பாஸ்டர் சொன்னாராம். இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று சொன்னாய்.

"என்னடா பண்ணேன் நானு?" என்றாள்.

நீ சொன்னாய். தகடு, உப்பு, பிள்ளைகள், எல்லாம் சொன்னாய். பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவள் அவள். எத்தனையோ பேருடைய பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவள். அவளிடம் நீ, வயிற்றில் இருந்த பிள்ளைகளைக் கொன்றாய் என்று சொன்னாய்.   அவள் கேட்டது ஒன்றுதான்: "ஷீபா மாத்திரைய உடாம போடறாளா? அத மட்டும் பாத்துக்கடா."

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

நீ செய்தது முட்டாள்தனம் என்று மட்டும் எழுதி முடித்துவிட என்னால் முடியவில்லை. எனக்கே இதில் தெளிவில்லை. நீ குழந்தையாக இருந்தபோது உனக்கு ஜுரம் ஏறினால் வலிப்பு வரும். அப்போது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? உன் அம்மா உப்பையும் மிளகாயையும் உன் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். சுற்றும்போது பரமண்டல ஜெபம் சொல்வாள். கிறிஸ்தவர்கள் திருஷ்டி கழிக்கக் கூடாது என்று ஆயர் சொல்லியிருந்தார். அதனால் ஜெபத்தைச் சேர்த்துக்கொண்டாள். நான் ஒரு தாளில் சங்கீதம் எழுதி மடித்து உன் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் எழுத வேண்டும், பிழை வந்தால் பலிக்காது என்று நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன்! அதுவும் போதாமல் நானும் உன் அம்மாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு பரங்கிப்பேட்டை தர்காவுக்குப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கி வந்தோம். இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள் ஒருத்திதான். "புள்ளைக்கு மொதல்ல சட்டையக் கழட்டுங்க. ஈரத்துணி போட்டுத் துடைங்க. ஜெபத்த அப்பறம் பண்ணலாம், ஆண்டவரு எங்கயும் ஓடிட மாட்டாரு" என்று திட்டினாள். ஈரத்துணியால் துடைத்தாள், மருந்து கொடுத்தாள், விடியும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தாள். நம் குடும்பத்தில் மந்திரத்தைத் தொடாத கை அது ஒன்றுதான். உன் பாஸ்டர் சரியாக அந்தக் கையைத்தான் கண்டுபிடித்தார்.

ஜெபம் எங்கே முடிகிறது, மந்திரம் எங்கே தொடங்குகிறது என்று வயதான காலத்தில் நிறைய யோசித்துவிட்டேன். இரண்டிலும் வாய் அசைகிறது, கண் மூடுகிறது, அதே பெயர்தான் வருகிறது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான், அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. மந்திரக்காரன் சொன்னால் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் எங்கோ பிழை, யாரோ எதிரி. ஜெபிக்கிறவன் கேட்கிறான். கேட்டது கிடைக்காமலும் போகலாம். கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு, இந்தத் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று ரத்த வியர்வை வடியக் கேட்டது கிடைக்கவில்லை. அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. அவர் அதற்காக எந்த மூலையையும் தோண்டச் சொல்லவில்லை, எந்த அத்தையையும் காட்டிக் கொடுக்கவில்லை. உன் பாஸ்டர் விற்கிற எண்ணெய்ப் புட்டியும் ஜெபித்துக் கொடுத்த கைக்குட்டையும் எனக்கு உறுத்தவில்லை. நான் மடித்து வைத்த தாளும் அதே ஜாதிதான். ஆனால் என் தாள் யார் மேலும் பழி போடவில்லை. எபேசு பட்டணத்தில் மந்திரவாதிகள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்த கதையைத் தகடு எடுத்த அன்று பாஸ்டர் பிரசங்கித்தார். அவர்கள் எரித்தது தங்களுடையதை, டேனி. அடுத்தவர்களுடையதை இல்லை.

கம்பியை வெட்டியபின் நடந்ததையும் எழுத வேண்டும், ஏனென்றால் இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். கொஞ்ச நாளில் வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷீபாவுக்குக் கை சுரீரென்றது. பிரிட்ஜிலும் அப்படியே. பிசாசு திரும்பி வந்துவிட்டது என்று அவள் அழுதாள். பாஸ்டர் மறுபடி வந்து வாஷிங் மெஷினுக்கு எண்ணெய் பூசினார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எர்த் இல்லை, அதனால்தான் ஷாக் அடிக்கிறது என்று உன்னிடம் தனியாகச் சொன்னேன். "அப்பா, ஆவிக்குரிய விஷயத்துல உங்க புத்திய கொண்டாராதீங்க" என்றாய். சரி என்றேன். கடைவீதிக்குப் போய் ரப்பர் பாய்கள் வாங்கிவந்து மெஷினுக்கு முன்னால், பிரிட்ஜுக்கு முன்னால், மோட்டார் சுவிட்ச்சுக்குக் கீழே போட்டேன். "மாமா நான் வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு போட்டிருக்காரு" என்று ஷீபா அவள் அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. ஜெனி வெறுங்காலோடு ஓடிவந்து பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பாய் மேல் நிற்கிறாளா என்று எட்டிப் பார்ப்பேன். உன் அப்பாவின் தைரியம் இவ்வளவுதான்: ரப்பர் பாய் அளவு.

போன வாரம் பஷீர் பாயைத் தேடிப் போனேன். அவர் இப்போது வேலைக்குப் போவதில்லை, மகன் போகிறான். விஷயத்தைச் சொன்னதும் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புடுங்கிட்டாங்களா? நான் வச்ச தகட்டையா?"

"ஆமாம் பாய்."

"செய்வினைன்னா?"

"ஆமாம்."

"அப்ப கடலூர்ல பாதி ஊட்டுக்கு நான்தான் சார் மந்திரவாதி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த நர்சம்மா நல்லா இருக்காங்களா சார்? மூட்டையத் தூக்கினாங்களே, ஜோக்கா பேசுவாங்களே" என்று கேட்டார். அவருக்கு நினைவிருக்கிறது. எப்போதோ ஒரு நாள் பார்த்த மனிதருக்கு நினைவிருக்கிறது.

அவரும் மகனும் இன்று காலை வந்தார்கள். நீங்கள் மூவரும் வேனில் ஏறி மறைந்ததும் போன் செய்தேன். திருட்டுத்தனம்தான். என் சொந்த வீட்டில் என் பேத்திக்கு ஷாக் அடிக்காமலிருக்க, நான் திருடனைப்போல ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. நீ தோண்டிய இடத்தில் மண் இன்னும் இளக்கமாகவே இருந்தது. புதிய தகடு, புதிய கம்பி, தண்ணீர் ஊற்றப் புதிய குழாய். வாஷிங் மெஷினை நானே வெறுங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரப்பர் பாய்களை எடுத்துவிடாதே, அவை கிடக்கட்டும்.

அறிவுரை என்று சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஒன்று கேட்கிறேன். ஷீபாவின் பிரசவத்துக்கு முன்னால் ஒருநாள் சிதம்பரத்துக்கு வா. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். தனியாக வா; பாஸ்டரையோ எண்ணெயையோ கொண்டுவர வேண்டாம். உன் அத்தை கட்டிலில் படுத்திருப்பாள். மன்னிப்புக் கேட்க வாய் வராவிட்டால், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். அவள் மாத்திரையைப் பற்றித்தான் கேட்பாள். பதில் சொல். நீ வராவிட்டாலும் ஷீபாவுக்காக அவள் ஜெபிப்பாள். அதை நிறுத்த உன்னால் முடியாது. ஆனால் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, செய்வினையை எடுத்ததால்தான் பிறந்தது என்று ஜெப வீட்டில் நீ சாட்சி சொன்னால், அந்த மேடையில் என் தங்கை வாழ்நாள் முழுக்கக் கொலைகாரியாக நிற்பாள். பிள்ளை பிறப்பதும் பிறக்காததும் ஆண்டவர் கையில் இருக்கிறது. சாட்சி சொல்வதும் சொல்லாததும் உன் கையில் இருக்கிறது. அந்தச் சாட்சியைச் சொன்னாய் என்று நான் கேள்விப்பட்டால் கடலூருக்குத் திரும்பி வர மாட்டேன். இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

தோண்டிய மண்ணை நீ பார்ப்பாய். கடப்பாரையைத் தேடுவாய் அல்லது பாஸ்டரைக் கூப்பிடுவாய். அவர் கண்ணை மூடிச் சிரமப்பட வேண்டாம். பஷீர் பாய் தகட்டை இறக்கினார், அது கூலி வேலை. கரியையும் உப்பையும் அவர் மகன் கொட்ட வந்தான். நான் விடவில்லை. குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று நானே கொட்டினேன். இந்த முறை யார் வைத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல். எனக்குப் பிள்ளை உண்டு, பேத்தி உண்டு, பொறாமைப்பட ஒன்றுமில்லை. அவர் என்ன காரணம் கண்டுபிடிக்கிறார் என்று பார்ப்போம்.

கோடை வருகிறது. குழாயில் நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்று. நான் இல்லை, அவளும் வர மாட்டாள், இனி அது உன் வேலை.

அப்பா